பெயர் தாங்கிய கப்பலும் பேணப்படாத தோணியும்

திருக்கோணமலை என்னும் பெயர் அண்மைக் காலத்திலே அரசியல் மேடைகளிலும் செய்தித்தாள்களிலும் ஓயாது ஒலித்து வருகின்றது. சீனன்குடாவிலே பிரித்தானியர் அமைத்துச் சென்ற 99 எண்ணெய்க் குதங்கள் தொடர்பாக 2022 ஆம் ஆண்டு சனவரி மாதத்தில் இந்தியாவோடு உடன்படிக்கை கைச்சாத்தாயிற்று. 2025 ஆம் ஆண்டு ஏப்பிரல் 5 ஆம் நாள் இந்தியா, இலங்கை, ஐக்கிய அரபு அமீரகம் ஆகிய மூன்று அரசுகளும் இந்நகரை எரிபொருள், வலுசக்தி ஆகியவற்றின் மையமாக வளர்த்தற்கென ஒரு புரிந்துணர்வு உடன்படிக்கையில் ஒப்பமிட்டன. துறைமுகத்தின் ஆழம் என்ன, அதன்மேற் கண்வைத்துள்ள வல்லரசுகள் எவை, இதனால் எவருக்கு எவ்வளவு ஆதாயம் என்பன பற்றிப் பலரும் பலவாறு எழுதுகின்றனர். இவ்வாதங்களிலே துறைமுகம் உண்டு. துறைமுகத்து மக்களைக் காண்பது அரிது. ஆதலின் பெரிய விடயங்களைப் பெரியோர்க்கு விட்டு, சிறியதொரு விடயத்தை இங்கே ஆராயப் புகுகின்றோம். அது ஒரு படகைப் பேணும் விடயம்.

நம் ஊர்ப் பெயரைத் தாங்கிய கப்பலொன்று இங்கிலாந்தின் வடகிழக்குக் கரையிலுள்ள ஹாட்டில்பூல் துறையிலே இன்றும் மிதக்கின்றது. 'திருங்கோமலி' என ஆங்கிலேயர் நாவிற் சிதைந்து வழங்கிய பெயரே அதற்குரியது. அது பம்பாய்க் கப்பற்றளத்திலே, வாடியா குடும்பத்துப் பார்சியக் கம்மியரின் மேற்பார்வையில், தேக்கு மரத்தாற் கட்டப்பெற்று, 1817 ஆம் ஆண்டு ஒக்டோபர் 12 ஆம் நாள் நீரில் இறக்கப்பட்டது. போருக்கெனப் பிறந்த அக்கப்பல் போர் ஓய்ந்த காலத்தே வந்தமையால் நெடுங்காலம் துறையிலே கட்டிக் கிடந்தது. பின்னர் அத்திலாந்திக், பசிபிக் கடல்களிலே காவல்புரிந்தது. அதன்பின் கடற்படைச் சேமப்படையினரைப் பயிற்றும் கப்பலாயிற்று. 1897 ஆம் ஆண்டிலே உடைத்து விற்றற்கென ஒதுக்கப்பட்ட வேளையில், வீற்லி கொப் என்னும் செல்வர் அதனை வாங்கி, இளைஞர்க்குக் கடற்றொழில் பயிற்றும் கலமாக்கினார். வேறு பெயர் பூண்டு 1986 ஆம் ஆண்டுவரை அப்பணி புரிந்தது.

முதுமையுற்ற கப்பலை 1987 இல் ஹாட்டில்பூலுக்குக் கொண்டு சென்றனர். அங்கே ஓர் அறக்கட்டளை 1990 ஆம் ஆண்டு தொடங்கி 2001 ஆம் ஆண்டுவரை, பதினோராண்டு முயன்று, அதனைப் பழைய வடிவிற்கு மீட்டது. 1992 இல் அதன் பழம்பெயரும் மீண்டது. பிரித்தானியப் போர்க்கலங்களுள் இன்றும் மிதப்பவற்றிலே மிகப் பழையது அதுவே. உக்கிய பகுதியை நீக்கி உரமுள்ள பகுதியைக் காத்துச் செய்த திருப்பணியாதலால், அதன் மரத்திற் பெரும்பகுதி பழைய தேக்காகவே உள்ளது. ஆயினும் அது ஒரு பேரரசின் போர்க்கலம் என்பதை நாம் மறத்தல் ஆகாது. அது தாங்குவது நமது ஊரின் பெயரை. நம்மவர் வாழ்வை அன்று.

நாம் கற்கவேண்டிய பாடம் அக்கப்பலினும் சிறிய கலமொன்றிலே உண்டு. ஹாட்டில்பூலுக்குத் தெற்கே, தீஸ் ஆற்றின் கழிமுகத்தைக் கடந்தால், றெட்கார் என்னும் கடலோர ஊர் வரும். அங்கே 'செற்லாந்து' என்னும் உயிர்காப்புப் படகு காட்சிக்கு வைக்கப்பட்டுள்ளது. 1802 ஆம் ஆண்டிலே ஹென்றி கிறேற்ஹெட் என்னும் படகுவினைஞர் அதனைக் கட்டினார். இரு முனையும் கூராக அமைந்தமையால் அலையிலே திருப்பாமலே முன்னும் பின்னும் செலுத்தலாம்; தக்கை பதித்தமையால் நீர் புகுந்தாலும் எளிதில் அமிழாது. உலகில் எஞ்சியுள்ள உயிர்காப்புப் படகுகளுள் மிகப் பழையதாகிய அது 78 ஆண்டுகளில் 500க்கு மேற்பட்ட உயிர்களைக் காத்தது. அத்தனை காலத்திலும் அதன் துடுப்புக்காரருள் கடலுக்கு இரையானவர் ஒருவரே.

1864 ஆம் ஆண்டிலே புதிய படகு ஒன்று வந்தது. பழையதை உடைத்துவிடுமாறு கட்டளை பிறந்தது. தச்சனும் கருவிகளோடு வந்தான். ஊரவர் திரண்டு வந்து அவனைத் தடுத்தனர். முடிவில் அப்படகு ஊரவரிடமே ஒப்படைக்கப்பட்டது. பழம்பொருள்மீது பாமரர் கொண்ட வீண் பற்று என்று அன்று நகைத்தவரும் இருந்திருப்பர். பதினாறு ஆண்டுகள் சென்றன. 1880 ஆம் ஆண்டு பெரும்புயலிலே 'லூனா' என்னும் கப்பல் அவ்வூர்க் கரையிலே சிக்குண்டபோது, கடலிற் சென்று அதிலிருந்த ஏழு பேரை மீட்டது உடைபடாது தப்பிய அந்தப் பழைய படகே! நூற்றாண்டுகள் கடந்து இன்று அது ஒரு பழைய படகுச்சாலையிலே, ஊர்த் தொண்டர்களின் பராமரிப்பில், சிறுவரும் முதியவரும் கண்டு செல்லும் பொருளாக விளங்குகின்றது.

இவ்வரலாற்றிலே கூர்ந்து நோக்கவேண்டியது ஒன்றுண்டு. அப்படகைக் காத்தவர் அரசர் அல்லர், அமைச்சர் அல்லர். அதனாற் கரையேறியவரும், கரையேறியவரின் மக்களும், அதிலே துடுப்பு வலித்தவரின் சுற்றத்தாருமே காத்தனர். 1824 ஆம் ஆண்டிலே வில்லியம் ஹிலரி என்பாரின் முயற்சியால் தோன்றிய பிரித்தானிய உயிர்காப்புப் படகுச் சங்கமும் அத்தகைய பொதுமக்கள் ஈகையாலேயே இன்றும் பெரிதும் நிலைபெறுகின்றது. இருநூறாண்டு நிறைவெய்திய 2024 ஆம் ஆண்டளவில், அச்சங்கம் மீட்ட உயிர்கள் 146,000க்கு மேற்பட்டன. தத்தளிப்பவன் எந்நாட்டவன், எம்மதத்தவன் என வினவாது கைகொடுப்பதே தொடக்கந்தொட்டு அதன் கொள்கை.

இனி, நம் கரைக்கு மீள்வோம். மரக்கலத்திற்குத் தமிழில் எத்தனை பெயர்கள்! கலம், வங்கம், நாவாய், அம்பி, ஓடம், தோணி, புணை, தெப்பம் என நிகண்டுகள் அடுக்கிச் செல்கின்றன. மாணாக்கர் அவற்றை நெட்டுருச் செய்கின்றனர். படகின் உறுப்புகளுக்கும் பெயர் உண்டு. அடிமரம் ஏரா, விலாச்சட்டம் வங்கு, முற்பகுதி அணியம். ஆயின் ஏராவைத் தொட்டுக் காட்டி, 'இதுவே ஏரா' என்று ஒரு பிள்ளைக்கு விளக்குதற்கு மரத்தோணி ஒன்றைத் தேடி அலையவேண்டியிருக்கின்றது. சொல் ஏட்டிலே வாழ்கின்றது. பொருள் கரையிலே உக்குகின்றது. பொருள் அழிந்தபின் சொல்லும் நெடுநாள் உயிர் தரித்திராது.

நம்மவர் கலங்கட்டும் திறத்திற்குச் சான்று தேடி நெடுந்தூரம் செல்லவேண்டுவதில்லை. வல்வெட்டித்துறையிலே கட்டப்பெற்ற 'அன்னபூரணி' என்னும் பாய்க்கப்பலை றொபின்சன் என்னும் அமெரிக்கர் வாங்கி, வேறு பெயர் சூட்டினார். வல்வை மாலுமிகளே செலுத்த, அது 1938 ஆம் ஆண்டில் அமெரிக்காவின் குளொஸ்டர் துறையை அடைந்தது. அதனைக் கட்டிய ஓடாவிமார் ஊரறிந்த கைத்தொழிலாளர். அக்கப்பல் மீண்டு வரவில்லை. அதன் புகழைப் பேசுகின்றோம். அதன் பலகை ஒன்றையேனும் நம் பிள்ளைகள் தொட்டுப் பார்த்தற்கு வழியில்லை.

திருக்கோணமலைக் கரையிலும் இதே கதைதான். போர்க்காலத்திலே மீன்பிடிக்கு விதிக்கப்பட்ட தடைகளாற் கரையேறிய வள்ளங்கள் பல மீண்டும் நீர் காணவில்லை. 2004 ஆம் ஆண்டு டிசெம்பர் 26 ஆம் நாள் வந்த ஆழிப்பேரலை எஞ்சியவற்றுட் பலவற்றை நொறுக்கியது. அதன்பின் உதவியாக வந்தவை பெரும்பாலும் கண்ணாடியிழைப் படகுகள். அவை இலேசானவை, விரைவானவை. தொழிலாளிக்கு நன்மை தருவன. அவற்றைக் குறைகூறுதல் நம் கருத்தன்று. ஆனால் மரத்தோணி கட்டும் வேலை குறையவே, ஓடாவியின் மகன் வேறு தொழிலுக்குச் செல்கின்றான். பலகைகளின் இடையே நார் திணித்துக் கலப்பற்று அடிக்கும் கைப்பழக்கம் ஏட்டிலே எழுதப்பட்டதன்று; கையிலிருந்து கைக்கு வந்தது. ஒரு தலைமுறை விட்டால் அது போயிற்று.

இது கலைப்பொருள் பற்றிய கவலை மட்டும் எனின் இத்துணை வற்புறுத்தவேண்டியதில்லை. 2021 ஆம் ஆண்டு நவெம்பர் 23 ஆம் நாளை இம்மாவட்டத்தார் மறந்திரார். கிண்ணியாவைச் சேர்ந்த குறிஞ்சாக்கேணியிலே, பாலம் கட்டப்பட்டுக்கொண்டிருந்த காலத்தில், மக்களைக் கடத்திய மிதப்புப் பாதை கவிழ்ந்தது. பள்ளிக்குப் புறப்பட்ட சிறாரும் உட்பட அறுவர் அன்றே மாண்டனர். நீரைச் சூழ வாழும் மக்கள் நீரினின்றும் உயிர்காக்கும் ஒழுங்கை மறந்தால் விளைவது யாது என்பதற்கு இதனினும் கொடிய சான்று வேண்டா. கலத்தின் கொள்ளளவு என்ன, பாரம் எப்பக்கம் சாய்ந்தால் ஆபத்து, ஏறுவோர் எத்தனை பேர், மீட்கும் படகு எங்கே என்பன முன்னோர்க்கு அன்றாட அறிவு. அவ்வறிவைப் பொதுமக்கள் முன்னே நிறுத்தும் ஆசானாகப் பேணப்பட்ட ஒரு படகு அமையக்கூடும்.

இதற்கு எழக்கூடிய தடைகளையும் ஆராய்தல் முறை. மண்ணெண்ணெய்க்கும் வலைக்கும் கடற்றொழிலாளர் அல்லலுறும் காலத்தில் பழைய மரத்திற்குச் செலவிடுதல் தகுமோ என்பர். தகுந்த வினாவே. தொழிலாளியின் வலைக்குரிய பணத்தை எடுத்து இதற்குச் செலவிடச் சொல்லவில்லை. திருவிழாவிற்கும் மாலைக்கும் மேடைக்கும் ஒரே இரவிற் செலவாகும் பணத்திற் சிறுபகுதி போதும்.

அரசாங்கம் இருக்க நாம் ஏன் என்பர் வேறு சிலர். நகரிலே ஒல்லாந்தர் காலத்து மாளிகையொன்றைப் புதுப்பித்துக் கடல், கடற்படை வரலாற்று நூதனசாலை அமைத்திருப்பது நற்பணியே. 1942 ஆம் ஆண்டு ஏப்பிரல் 9 ஆம் நாள் யப்பானிய விமானத் தாக்குதலுக்கு இலக்காகிப் பின்னர் துறைமுகத்தின் அடியிலே கிடந்த 'சகாயிங்' என்னும் கப்பலைக் கடற்படையினர் 2018 இல் மேலெழுப்பியதும் அரிய செயலே. பெருங்கலங்களுக்கு அரசின் கை வேண்டும். பெயரற்ற மீனவனின் தோணியையோ, அதனைப் பேணும் கடமை பெயரற்ற மக்களாகிய நமக்கே உரியது. நாம் பேணாவிடின் வேறெவரும் பேணார்.

மூன்றாவது தடை வெப்பமும் உப்புக்காற்றும். கடற்புழு நீரிலே துளைக்கும். கறையான் நிலத்திலே அரிக்கும். வெயிலிற் சடுதியாகக் காய்ந்த பலகை வெடிக்கும். இவற்றிற்கு வழி உண்டு. படகைக் காற்றோட்டமுள்ள கூரையின்கீழ், தரையிற் படாது தாங்கிமேல் ஏற்றி, மெல்ல மெல்ல உலர்த்துதல் வேண்டும். ஒரு பலகையைக் கழற்றுமுன்னர் ஒவ்வோருறுப்பையும் அளந்து வரைந்து, நிழற்படமும் எடுத்துக்கொள்ளல் வேண்டும். உக்கியதை மாத்திரம் மாற்றி, மாற்றிய இடத்தை அடையாளப்படுத்தல் வேண்டும். எண்ணெய் பூசுதல் ஆண்டுதோறும் நிகழவேண்டிய கடமை. பழைய படகை மினுக்கிப் புதிதுபோல் ஆக்குதல் திருப்பணி ஆகாது. அதன் வடுக்களே அதன் வரலாறு.

ஆகவே செய்யவேண்டியவை எளியன. திருக்கோணமலை, மூதூர், கிண்ணியா, நிலாவெளி, குச்சவெளி முதலிய கரைகளிலே எஞ்சியுள்ள மரத்தோணிகளையும் முதிய ஓடாவிமாரையும் தேடிக் கணக்கெடுத்தல் வேண்டும். தமிழர், முஸ்லிம்கள், சிங்களவர் ஆகிய மூவினத்தாரும் சமமாக இருந்து நடத்தும் அறநிதி ஒன்றை நிறுவி, அதன் வரவு செலவைப் பலரும் காணப் பலகையில் எழுதுதல் வேண்டும். படகைக் காவலரணுக்கு உள்ளே வையாது, பள்ளிப் பிள்ளைகள் தடையின்றி வந்து தொடக்கூடிய பொதுவிடத்திலே வைத்தல் வேண்டும். அதன் அருகே, இக்கரைகளில் நீரில் மாண்டோரை நினைவுகூரும் பலகை ஒன்றும், நீச்சலும் முதலுதவியும் கற்பிக்கும் களம் ஒன்றும் அமைதல் வேண்டும். இவையும் சேர்ந்தாலன்றிப் படகு வெறுங் காட்சிப்பொருளாய் முடியும்.

மூவினத்தார் என்று மேலே கூறியதன் காரணம் வெளிப்படை. மீன்பிடி எல்லை, வலை, சந்தை என்பவற்றாற் பிணங்குவோர், நீரிலே தத்தளிக்கும்போது வரும் கை எவர் கை என்று நோக்குவதில்லை. ஆழிப்பேரலை வந்த நாளிலே இவ்வுண்மையைக் கண்ணாரக் கண்டோம். அன்று நீட்டிய கைகளை நினைவிற்கொள்ளப் பொதுவான பொருள் ஒன்று நம்மிடையே இருத்தல் நன்று. மேடையில் ஒற்றுமை பேசும் நூறு சொற்பொழிவிலும், மூன்று சமூகத்து முதியோரும் ஒரு தோணியின் இருபுறமும் நின்று கலப்பற்று அடிக்கும் ஒரு காலைப்பொழுது மிகுந்த பயன் தரும்.

எண்ணெய்க் குதங்களின் எதிர்காலத்தைத் தீர்மானிக்கும் மேசையிலே நமக்கு இருக்கை கிடையாது போகலாம். ஒரு தோணியைக் காப்பதற்கு எவருடைய கைச்சாத்தும் வேண்டியதில்லை. றெட்கார் மக்களுக்கு வேண்டியிருந்தது தச்சன் உளியை ஓங்கிய வேளையில் வந்து தடுக்கும் துணிவு. நம் கரையிலே தச்சன் வருவதில்லை. வெயிலும் மழையும் கறையானும் ஓசையின்றி அவ்வேலையைச் செய்கின்றன. அடுத்த வாடைக்காற்று வீசுமுன்னர் ஒரு தோணிக்கேனும் கூரை எழுமாயின், அதுவே தொடக்கமாகும்.