படகு வயர்லெஸ்: வாட்டைவிட ஏரியல் உயரமே முக்கியம்

2017 நவம்பர் 30-இல் ஒக்கி புயல் குமரிக் கடலில் வீசியபோது, தொலைவில் தங்கி மீன்பிடித்த பல படகுகளுக்கு எச்சரிக்கை எட்டவில்லை. வி.எச்.எப். வயர்லெஸ் அத்தனை தொலைவிலிருந்து கரையோடு பேசாது என்பது உண்மையே. ஆனால் ஒரு படகு அறிந்த செய்தியை அடுத்த படகுக்குச் சொல்ல அது உதவும், ஏரியல் சரியாக இருந்தால்.

25 வாட் கருவிக்குப் பணம் கொடுத்துவிட்டு ஏரியலைப் படகின் விளிம்பில் கட்டுவது வீண் செலவு. வி.எச்.எப். அலை ஏறக்குறைய நேர்கோட்டில் செல்வது. கடலின் வளைவு அதை மறைத்துவிடும். நீர்மட்டத்திலிருந்து 1 மீட்டர் உயரத்தில் ஏரியல் உள்ள இரு படகுகள் சுமார் 8 கிலோமீட்டர் வரை பேசலாம். இரண்டிலும் 4 மீட்டருக்கு உயர்த்தினால் 16 கிலோமீட்டர். வாட்டைக் கூட்டி இந்தப் பலனைப் பெற முடியாது.

நீளம் கூடினால் நல்லது என்று கடையில் சொல்வார்கள். 6 டெசிபல் என்று விற்கப்படும் நீண்ட ஏரியல் அலையைத் தட்டையாகக் குவிக்கும். சிறு படகு உருளும்போது அது வானத்துக்கும் தண்ணீருக்கும் போய்விடும். சுமார் 1 மீட்டர் நீளமுள்ள 3 டெசிபல் அரை அலை ஏரியலே ஏற்றது. கார் ஏரியல் அடியிலுள்ள இரும்புத் தகட்டை நம்பி வேலை செய்வது. பைபர் படகில் எடுபடாது.

கம்பத்தை வலை இழுக்கும் பக்கத்துக்கு எதிர்ப்புறம், மடக்கும்படி நிறுத்துவது நலம். கேபிள் பருமனாக இருக்கட்டும். மெல்லிய ஆர்.ஜி. 58 கேபிள் 10 மீட்டர் ஓடினால் மூன்றில் ஒரு பங்கு ஆற்றலைத் தின்றுவிடும். இணைப்பு முனைகளை ரப்பர் டேப்பால் இறுகச் சுற்ற வேண்டும். இல்லையேல் உப்புநீர் புகுந்து பச்சை பிடிக்கும்.

கடலுக்குப் போகுமுன் பக்கத்துப் படகை அழைத்துச் சோதிக்கலாம். அதற்கு வேறு சேனல். 16-ஆம் சேனல் ஆபத்து அழைப்புக்கு உரியது.