அந்த 'சேலஞ்ச் ஓட்டு' மெசேஜை இனி நம்ம குரூப்பில் போடாதீங்க



உங்க போனுக்கும் கண்டிப்பா வந்திருக்கும். தேர்தல் தேதி நெருங்கினா போதும், எங்கிருந்தோ கிளம்பி வந்துடும் அந்த மெசேஜ். வாக்காளர் பட்டியலில் பேர் இல்லையா? கவலை வேண்டாம், ஆதாரைக் காட்டி 49ஏ பிரிவில் 'சேலஞ்ச் ஓட்டு' கேளுங்க. உங்க ஓட்டை வேற யாரோ போட்டுட்டாங்களா? 'டெண்டர் ஓட்டு' கேளுங்க. ஒரு பூத்தில் 14 சதவீதத்துக்கு மேல டெண்டர் ஓட்டு விழுந்தா அங்கே மறு வாக்குப்பதிவு நடக்கும். கடைசியில் 'அனைவருக்கும் பகிரவும்' என்று ஒரு கும்பிடு.

2019-ல் சுற்றினது. பொய்யென்று சொன்ன பிறகும் 2024-ல் திரும்ப வந்தது. அடுத்த தேர்தலுக்கும் வரும். இதை அனுப்புறவங்க பெரும்பாலும் கெட்ட எண்ணத்தில் அனுப்புறது இல்லை. நாலு பேருக்கு உதவுமேன்னு நினைச்சுத்தான் அனுப்புறாங்க. நம்ம ஆளுங்களும்தான். அதனாலதான் இதை நம்ம பக்கத்திலேயே எழுத வேண்டியிருக்கு.

2024 ஏப்ரல் 19. நான் பூத் ஏஜென்ட்டா உட்கார்ந்திருந்தேன். காலை பத்து மணி இருக்கும். ஐம்பது வயசு மதிக்கத்தக்க ஒரு அம்மா வந்தாங்க. கையில் வாக்காளர் அட்டை, ஆதார் ரெண்டும் இருக்கு. பட்டியலில் பேர் இல்லை. முன்பு குடியிருந்த இடத்தில் 'குடிபெயர்ந்தவர்' என்று பேரை எடுத்திருக்காங்க, வந்து சேர்ந்த இடத்தில் யாரும் சேர்க்கலை. அந்த அம்மா பதறவே இல்லை. வெளியே போய் பேரனிடம் கேட்டுட்டு வந்து, 'சேலஞ்ச் ஓட்டு கொடுங்க சார்'னாங்க. வாக்குச்சாவடி அலுவலர் அப்படி ஒன்று இல்லைம்மா என்று பொறுமையாத்தான் சொன்னார். அவங்க என் பக்கம் திரும்பி, 'தம்பி, நம்ம கட்சி குரூப்புல வந்ததுதானே? நீயாவது சொல்லு'ன்னாங்க.

என்னத்தைச் சொல்ல? மனு தாக்கல் மார்ச் 27-லேயே முடிஞ்சுபோச்சு. அந்தக் கடைசி நாளுக்குப் பிறகு பட்டியலில் ஒரு பேரைக்கூடச் சேர்க்கச் சட்டத்தில் இடமில்லை. பிப்ரவரியில் அந்த அம்மா ஒரு படிவம் 6 கொடுத்திருந்தா ஓட்டு இருந்திருக்கும். ஏன் கொடுக்கலை? பட்டியலில் இல்லாட்டியும் ஆதாரை வெச்சுப் போட்டுக்கலாம்னு நாமதானே சொல்லி வெச்சிருந்தோம்.

இப்போ விதி என்ன சொல்லுதுன்னு பார்ப்போம். 1961 தேர்தல் நடத்தை விதிகளில் 49ஏ என்பது வாக்குப்பதிவு இயந்திரத்தோட வடிவமைப்பு பற்றியது. அதில் ஆதாரும் இல்லை, சேலஞ்சும் இல்லை. 'சேலஞ்ச்' என்று ஒன்று உண்மையில் இருக்கு. ஆனா அது நேர் எதிரான விஷயம். வந்திருக்கிறவர் அந்த வாக்காளரே இல்லை, கள்ள ஓட்டு போட வந்தவர் என்று சந்தேகம் வந்தா, பூத் ஏஜென்ட் 2 ரூபாய் கட்டி ஆட்சேபம் சொல்லலாம். அலுவலர் அங்கேயே விசாரிச்சு முடிவு சொல்வார். அதாவது அது ஏஜென்ட்டோட ஆயுதம். பட்டியலில் இல்லாதவருக்கு ஓட்டு வாங்கித் தரும் வழி இல்லை.

டெண்டர் ஓட்டு உண்மை. விதி 49பி. 2018-ல் 'சர்கார்' படம் வந்த பிறகு இந்த எண் நம்ம ஊரில் டீக்கடை வரைக்கும் மனப்பாடம். பட்டியலில் உங்க பேர் இருந்து, நீங்க போறதுக்குள்ள வேற ஒருத்தர் உங்க பேரில் போட்டுட்டுப் போயிருந்தா, நீங்கதான் அந்த ஆள் என்று அலுவலருக்குத் திருப்தியானதும் ஒரு காகித வாக்குச்சீட்டு தருவாங்க. இயந்திரத்தில் போட விடமாட்டாங்க. அதில் குறியிட்டுக் கொடுத்தா தனி உறையில் வைப்பாங்க. படிவம் 17பி-யில் உங்க கையெழுத்து ஏறும். வாக்கு எண்ணும் நாளில் அந்த உறையைப் பிரிக்க மாட்டாங்க. பின்னால் தேர்தல் வழக்கு வந்து நீதிமன்றம் சொன்னாத்தான் பிரிப்பாங்க. அந்த 14 சதவீதம் எந்தச் சட்டத்திலும் கிடையாது. யாரோ உட்கார்ந்து யோசிச்ச நம்பர்.

எண்ண மாட்டாங்கன்னா எதுக்குக் கேட்கணும்? கேட்டே ஆகணும். 2008-ல் ராஜஸ்தான் நாத்துவாரா தொகுதியில் சி.பி. ஜோஷி ஒரே ஒரு ஓட்டில் தோற்றார். அந்த வழக்கில் டெண்டர் ஓட்டு பற்றிய வாதம் உச்ச நீதிமன்றம் வரை போனது. நம்ம பக்கத்திலேயே பாருங்க. 2016-ல் ராதாபுரம் 49 ஓட்டில் முடிஞ்சது. 2021-ல் தியாகராய நகர் 137 ஓட்டு. யார் ஜெயிச்சாங்க என்பது இங்கே விஷயமில்லை. ஒரு தெருவில் பாதிப் பேர் பட்டியலில் விட்டுப்போனா ஒரு எம்.எல்.ஏ. மாறிப்போவார்.

இன்னொன்று. இதைச் சொன்னா நம்ம தோழர்கள் சிலருக்கே கோபம் வரும். 'எந்தப் பட்டனை அமுக்கினாலும் ஒரே சின்னத்துக்குத்தான் விழுது' என்று வீடியோ வந்ததும், எதிர்த்தரப்பை மாட்டிவிட்டோம்னு நினைச்சுப் பகிர்றோம். அதைப் பார்க்கிற நம்ம வாக்காளர் என்ன நினைப்பார்? போட்டா மட்டும் என்ன ஆகப்போகுதுன்னு மத்தியானம் சாப்பிட்டுட்டுப் படுத்துடுவார். அவங்க ஓட்டு குறையாது, நம்ம ஓட்டுதான் குறையும்.

இயந்திரத்தின் மேல சந்தேகமே படக்கூடாதுன்னு நான் சொல்லலை. சந்தேகப்படுங்க, ஆனா போனில் இல்லை, பூத்தில். பட்டனை அமுக்கினதும் விவிபாட் கண்ணாடிக்குள்ள சீட்டு 7 விநாடி தெரியும். அதில் சின்னம் மாறியிருந்தா அங்கேயே நின்னு புகார் சொல்லணும். எழுத்தில் உறுதிமொழி வாங்கிக்கிட்டு, ஏஜென்ட்டுகள் முன்னாடியே ஒரு சோதனை ஓட்டு போடச் சொல்வாங்க. புகார் உண்மைன்னா அந்த இயந்திரத்தில் வாக்குப்பதிவு நிற்கும். பொய்ன்னா புகார் சொன்னவர் மேல வழக்கு வரும், அதையும் தெரிஞ்சுக்கிட்டுச் சொல்லணும்.

நம்ம ஏஜென்ட்டுகளுக்கும் ஒரு வார்த்தை. காலையில் மாதிரி வாக்குப்பதிவுக்கே போய் உட்காருங்க. குறைஞ்சது 50 ஓட்டாவது போட்டுப் பார்த்து, எண்ணி, அழிச்ச பிறகுதான் இயந்திரத்துக்குச் சீல். டீ குடிச்சுட்டு ஏழு மணிக்கு வர்றேன்னா அது முடிஞ்சிருக்கும். சாயங்காலம் படிவம் 17சி நகல் கைக்கு வராம இடத்தை விட்டு எழுந்திருக்காதீங்க. அந்த பூத்தில் மொத்தம் எத்தனை ஓட்டு, எந்த எண் சீல் என்று அதில் இருக்கும். எண்ணிக்கை மையத்தில் இயந்திரம் காட்டுற மொத்தத்தை அதோட ஒப்பிட்டுப் பார்க்கலாம். ஆயிரம் வீடியோவை விட அந்த ஒரு தாள் பெரிய ஆதாரம். அதை பூத்திலேயே விட்டுட்டு வந்து மறுநாள் முகநூலில் முறைகேடுன்னு எழுதினா யார் நம்புவாங்க?

இப்போ வேலைக்கு வருவோம். கையில் அட்டை இருந்தா ஓட்டு இருக்குன்னு அர்த்தம் இல்லை. பட்டியலில் பேர் இருக்கணும். இந்த ஞாயிற்றுக்கிழமை உங்க பாகத்தின் பட்டியலை எடுத்துக்கிட்டுத் தெருவில் இறங்குங்க. பேர் இல்லாதவங்களுக்குப் படிவம் 6. வீடு மாறினவங்க, எழுத்துப்பிழை இருக்கிறவங்களுக்குப் படிவம் 8. 17 வயசு முடிஞ்ச பிள்ளைங்க இப்பவே விண்ணப்பிச்சு வைக்கலாம். யாரோ படிவம் 7 கொடுத்து உயிரோடு இருக்கிறவர் பேரை எடுக்கப் பார்க்கிறாங்கன்னா, வாக்குச்சாவடி நிலை அலுவலரிடம் உடனே ஆட்சேபம் எழுதிக் கொடுங்க. பொய்யா உறுதிமொழி கொடுத்திருந்தா ஒரு வருஷம் வரை சிறை இருக்கு. பேரை எடுத்தே விட்டாங்கன்னா 15 நாளுக்குள்ள மாவட்ட ஆட்சியரிடம் மேல்முறையீடு போகணும். பூத் ஸ்லிப்பை மட்டும் காட்டி ஓட்டு போட முடியாது என்பதையும் பெரியவங்களுக்குச் சொல்லிடுங்க. சந்தேகம்னா 1950-க்கு போன் பண்ணுங்க.

அந்த 'சேலஞ்ச் ஓட்டு' மெசேஜ் உங்க குரூப்பில் இப்பவும் கிடந்தா அழிச்சுடுங்க. அனுப்பினவர் வயசில் பெரியவரா இருந்தா குரூப்பில் வெச்சுத் திட்ட வேண்டாம், தனியா போன் பண்ணுங்க. அப்படியே அவர் வீட்டில் எத்தனை பேர் பட்டியலில் இருக்காங்கன்னும் கேட்டுக்கோங்க.