பெட்டை நாய்க்குக் கருத்தடை: இயற்கைக்கு விரோதமா?

எங்கள் தோட்டத்தில் சிட்டு என்று ஒரு நாய் இருக்கிறது. செவலை நிறம், முன்னங்கால் இரண்டும் வெள்ளை. வங்கி வேலையிலிருந்து ஓய்வு பெற்று வெள்ளகோவில் பக்கம் தோட்டத்துக்கே குடிவந்த வருஷம், பக்கத்துக் கொரங்காட்டில் ஆடு மேய்க்கும் பெரியவர் கொண்டுவந்து கொடுத்த குட்டி. "பொட்டைக் குட்டின்னு யோசிக்காதீங்க சார், காவலுக்கு இதுதான் கெட்டி" என்றார். அவர் சொன்னது பொய்யில்லை. கடலைக் காட்டில் மயிலை இறங்க விடாது. ராத்திரி வேலியோரம் சின்னச் சத்தம் கேட்டாலும் முதலில் எழுந்து நிற்பது சிட்டுதான்.

ஒன்றரை வயதில் குட்டி போட்டது. ஆறு குட்டிகள். கடுவன் இரண்டும் கண் திறக்கும் முன்பே பேசி முடிந்துவிட்டன. பெட்டை நாலையும் கேட்க ஆளில்லை. ஒன்றை அந்த ஆட்டுக்காரப் பெரியவரே எடுத்துக்கொண்டார். மீதி மூன்றையும் தோட்டத்து வேலைக்கு வரும் தம்பி, "எனக்குத் தெரிஞ்ச இடம் இருக்குதுங்க, நான் பாத்துக்கறேன்" என்று சாக்கில் போட்டு வண்டியில் எடுத்துப் போனார். எந்த இடம் என்று நான் கேட்கவில்லை. கேட்டால் பதில் எனக்குப் பிடிக்காது என்று உள்ளுக்குள் தெரிந்ததால்தான் கேட்கவில்லை. பிறகு தெரிந்தது, சந்தை முக்கில் இறக்கிவிட்டிருக்கிறார்.

போன மார்கழியில் ஒரு விடிகாலை, பக்கத்துக் காட்டுக்காரர் பட்டியில் நாய்கள் புகுந்துவிட்டன. ஒன்பது செம்மறி. கழுத்திலும் தொடையிலும் கடித்துப் போட்டிருந்தன, ஒன்றைக்கூடத் தின்னவில்லை. அதில் நாலு சினை ஆடு. அந்தம்மா பட்டிப் படலைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தார். டார்ச் அடித்து நாய்களை விரட்டிய அவர் மகன் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "தப்பா நெனைக்காதீங்க சார், அதுல ஒண்ணு உங்க சிட்டு மாதிரியே செவலை, முன்னங்கால் வெள்ளைங்க" என்றான்.

அது சிட்டுவின் குட்டிதான் என்று என்னால் நிரூபிக்க முடியாது. இல்லை என்றும் நிரூபிக்க முடியாது. வங்கியில் ஜாமீன் கையெழுத்துப் போட்டவர்களிடம் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன்: "கடன் வாங்கினவர் கட்டலைன்னா நீங்கதான் பொறுப்பு." நாய் வளர்ப்பவன் ஒவ்வொரு குட்டிக்கும் அப்படி ஒரு கையெழுத்துப் போட்டிருக்கிறான் என்பது எனக்கு அன்றைக்குத்தான் உறைத்தது.

காங்கயம், வெள்ளகோவில், தாராபுரம் வட்டாரத்தில் விவசாயிகள் செத்த ஆடுகளோடு சாலைக்கு வந்து நியாயம் கேட்டதை எல்லோரும் பார்த்தோம். இழப்பீடு கேட்டது சரி, நானும் கேட்டேன். ஆனால் தெருவில் திரியும் நாயெல்லாம் வானத்திலிருந்து குதித்ததில்லை. அதில் பாதியோ கால்வாசியோ, நம் தோட்டத்து நாய் போட்ட குட்டியும் இருக்கிறது. 2023ஆம் வருஷத்து விலங்குகள் இனப்பெருக்கக் கட்டுப்பாட்டு விதிகளின்படி தெருநாய்க்குக் கருத்தடையும் வெறிநோய்த் தடுப்பூசியும் உள்ளாட்சி அமைப்பின் பொறுப்பு. வளர்ப்பு நாய்க்கு அதே பொறுப்பு வளர்ப்பவருடையது. பஞ்சாயத்தைக் கேள்வி கேட்கும் முன்னால் என் பங்கை நான் முடித்தாக வேண்டும்.

வீட்டில் பேச்சு எடுத்தபோது என் துணைவியாருக்கு மனசு வரவில்லை. "வாயில்லா ஜீவனுக்குப் போய் வயித்தைக் கிழிக்கறதா?" என்றார். நம் இயக்க நண்பர் ஒருவர் இன்னும் அழுத்திக் கேட்டார்: "நாட்டு விதையைக் காப்பாத்தணும்னு பேசறோம். நாட்டு நாய்க்குக் கருத்தடைன்னா அது இயற்கைக்கு விரோதம் இல்லீங்களா?"

நியாயமான கேள்வி. ரொம்ப நாள் யோசித்தேன். உழவு மாட்டுக்குக் காயடிக்கிறோம், கிடாய்க்குக் காயடிக்கிறோம். இயற்கைக்கு விரோதம் என்று யாரும் சொன்னதில்லை. மனுசனோடு சேர்ந்து வாழ வந்த உயிருக்கு, எவ்வளவு பெருகலாம் என்கிற கணக்கையும் மனுசன்தான் பார்க்க வேண்டியிருக்கிறது. காட்டில் பசியும் நோயும் அந்தக் கணக்கை முடித்துவிடும். சோறும் தடுப்பூசியும் போட்டு வளர்த்துவிட்டு, குட்டியை மட்டும் இயற்கை பார்த்துக்கொள்ளும் என்று சந்தை முக்கில் விடுவது என்ன நியாயம்?

விதை விஷயத்துக்கும் வருகிறேன். களத்தில் விளைந்த நெல்லையெல்லாம் நாம் விதைநெல்லாக வைப்பதில்லை. பொறுக்கி, கலப்பில்லாமல், விதைக்க நிலம் இருக்கிற அளவுக்குத்தான் வைக்கிறோம். ராஜபாளையம், சிப்பிப்பாறை, கோம்பை, கன்னி இனங்களைக் காப்பாற்ற நினைப்பவர்கள் தாய் எது, தகப்பன் எது என்று பார்த்துத்தான் சேர்க்கிறார்கள். வேலி தாண்டி வருகிற நாயோடெல்லாம் சேர விட்டால் எந்த இனமும் நிற்காது. அப்படி இனம் காக்கிற வேலையைப் பொறுப்பாகச் செய்பவர் செய்யட்டும். குட்டி பிறக்கும் முன்பே வளர்க்கிற வீடு முடிவாகியிருக்க வேண்டும். என்னால் அது முடியாது, ஒத்துக்கொள்கிறேன்.

கால்நடை மருத்துவர் சொன்னதையும் எழுதிவிடுகிறேன், மற்றவர்களுக்கு உதவும். பெட்டை நாய் பெரும்பாலும் ஆறு மாதத்துக்கு ஒரு தடவை பருவத்துக்கு வரும். சினைக்காலம் சுமார் 63 நாள். "ஒரு ஈத்தாவது போட்டால்தான் உடம்புக்கு நல்லது" என்பதில் உண்மை இல்லை. கருத்தடை செய்யாத நாய்க்கு வயசான காலத்தில் கர்ப்பப்பையில் சீழ் கோர்த்து உயிருக்கே ஆபத்து வரலாம். மடியில் கட்டியும் வரலாம். முதல், இரண்டாம் பருவத்துக்கு முன்பே அறுவை செய்துவிட்டால் மடிக்கட்டி வருவது நன்றாகக் குறையும். சிலர் குட்டி பிடிக்காமலிருக்க ஊசி போட்டுவிடுகிறார்கள். அந்த ஊசியே கர்ப்பப்பைச் சீழுக்கும் மடிக்கட்டிக்கும் வழிவிடும் என்றார்.

கெடுதல் பக்கமும் கேட்டேன். மயக்க மருந்தில் சிறிது ஆபத்து எப்போதும் உண்டு. சில நாய்களுக்குப் பின்னாளில் சிறுநீர் கட்டுப்படாமல் கசியும். உடம்பு பெருக்கும், சோற்றைக் குறைக்க வேண்டும். பெரிய இன நாய்க்கு ரொம்பச் சின்ன வயசில் செய்தால் மூட்டில் தொந்தரவு வரலாம் என்பதால், எந்த வயசு என்பதை மருத்துவரைக் கேட்டுத்தான் முடிவு செய்ய வேண்டும். பருவத்தில் இருக்கும்போது செய்யாமல் இரண்டு மூன்று மாதம் தள்ளிச் செய்வது நல்லது.

மாசியில் சிட்டுவுக்கு அறுவை முடிந்தது. முதல் இரண்டு நாள் சுருண்டு படுத்திருந்தது, என் துணைவியார் என்னோடு பேசவே இல்லை. மூன்றாம் நாள் கம்பங்கூழ் குடித்தது. காயத்தை நக்காமல் இருக்க பத்து நாள் கழுத்தில் பட்டை கட்டி மோட்டார் ரூமில் வைத்திருந்தோம். தையல் பிரித்து விட்டதும் நேராக வேலியோரம்தான் ஓடியது. காவலில் ஒரு குறையும் இல்லை. முன்பெல்லாம் பருவத்துக்கு வந்தால் ஏழெட்டுக் கடுவன்கள் வாசலில் சண்டை போடும், கோழியைப் பிடிக்கும். அந்தக் கடியில்தான் வெறிநோயும் பரவுகிறது. இனி அது இல்லை.

ஆனால் அந்த ஒன்பது ஆட்டுக்கு இது ஈடாகாது. பக்கத்துக் காட்டுக்காரருக்கு இரண்டு பெட்டைக் குட்டி வாங்கிக் கொடுத்தேன். "நீங்க என்னங்க சார் பண்ணுவீங்க" என்று முதலில் மறுத்தார், பிறகு வாங்கிக்கொண்டார்.

அடுத்த மாதக் கூட்டத்தில் ஒன்று கேட்கப்போகிறேன். நம் உறுப்பினர்கள் வீட்டில் எத்தனை பெட்டை நாய் இருக்கிறது என்று ஒரு பட்டியல் எடுப்போம். ஐந்தாறு நாய் சேர்ந்தால் ஒரே வண்டியில் கொண்டுபோய் வரலாம், வாடகையும் பங்காகும். மருத்துவரிடம் நாள் வாங்கும் பொறுப்பு என்னுடையது. நாயின் வயசையும் கடைசியாகப் பருவத்துக்கு வந்த மாதத்தையும் மட்டும் எழுதிக்கொண்டு வாருங்கள்.