அழாத பிள்ளைக்கும் பசி உண்டு

விடுமுறை நாளில் கேமரன் மலைக்குச் சென்றவர்களுக்கு ஒரு காட்சி நன்கு பழக்கமானது. பிரிஞ்சாங் நகரைத் தாண்டும் முன்பே வாகனங்கள் நீண்ட வரிசையில் நின்றுவிடும். சாலையோரத்தில் தேயிலைத் தோட்டம், ஸ்ட்ராபெர்ரிப் பண்ணை, தங்கும் விடுதி என வழிகாட்டிப் பலகைகள் வரிசையாக நிற்கும். பலரும் தேடி வரும் இடங்களுக்குப் பல பலகைகள் இருப்பது இயல்பே. ஆனால், எத்தனை பேர் வழி கேட்கிறார்கள் என்பதை மட்டுமே கணக்கிட்டுப் பலகைகளை நட்டால் என்ன ஆகும்? பண்ணைகளுக்குப் பத்துப் பலகைகள் நிற்கும். தானா ராத்தாவில் உள்ள மருத்துவமனைக்கு ஒரு பலகைகூட இல்லாமல் போகலாம். வழி தெரியாமல் நிற்கும் நோயாளி ஒருவருக்கு அந்தப் பத்துப் பலகைகளாலும் பயன் இல்லை.

அரசாங்க இணையத்தளங்களிலும் இதே கேள்வி எழுகிறது. ஒரு தளத்தின் முகப்பில் எந்தச் சேவையை முதலில் வைப்பது? எதை உள்ளே தள்ளுவது? இதை முடிவு செய்ய இன்று பல நாடுகள் வருகையாளர் எண்ணிக்கையைத் துணையாகக் கொள்கின்றன. ஒரு பக்கம் திறக்கப்படும் ஒவ்வொரு முறையும் அது பதிவாகிறது. எந்தப் பக்கத்தைப் பலர் பார்த்தனர், எந்தச் சொல்லைத் தேடினர், எங்கிருந்து வெளியேறினர் என்பனவெல்லாம் தளத்தை நடத்துவோருக்குத் தெரியும். அமெரிக்க மத்திய அரசாங்கம் தன் இணையத்தளங்களின் வருகைக் கணக்கை 2015ஆம் ஆண்டு முதல் பொதுமக்களே பார்க்கும்படி வெளியிட்டு வருகிறது. பிரிட்டன் 2012ஆம் ஆண்டில் தன் அரசாங்கச் சேவைகளை ஒரே தளத்தின்கீழ்க் கொண்டுவரத் தொடங்கியபோது, பயனர்களின் தேவையையும் தரவுகளையும் அடிப்படையாகக் கொண்டே அதனை வடிவமைத்தது.

இந்த முறையால் நன்மை உண்டு என்பதை மறுக்க முடியாது. முன்பெல்லாம் பல தளங்களின் முகப்பில் அதிகாரிகளின் படங்களும் திறப்பு விழாச் செய்திகளுமே இடம்பிடித்திருந்தன. வாகன உரிமத்தைப் புதுப்பிக்க வந்தவர் பத்துப் பக்கங்களைப் புரட்ட வேண்டியிருந்தது. எண்ணிக்கையைப் பார்த்த பிறகுதான், மக்கள் எதற்காக வருகிறார்கள் என்பது பல அலுவலகங்களுக்குப் புரிந்தது. ஆயிரம் பேர் தேடும் ஒன்றை முன்னால் வைத்தால் ஆயிரம் பேரின் நேரம் மிச்சமாகும். ஆகவே, எண்ணிக்கையைப் பார்ப்பது தவறன்று. எண்ணிக்கையை மட்டுமே பார்ப்பதுதான் தவறு.

இதனைப் புரிந்துகொள்ளச் சாலையை விட்டு விலகித் தேயிலைத் தோட்டத்திற்குள் செல்ல வேண்டும். கேமரன் மலையின் பெயர் பெற்ற போ தேயிலைத் தோட்டம் 1929ஆம் ஆண்டில் தொடங்கப்பட்டது. அந்தக் காலந்தொட்டு இந்த மலைச்சரிவுகளில் தமிழர்கள் காடு திருத்தினர், கொழுந்து பறித்தனர், தோட்டத்திலேயே குடும்பங்களாக வாழ்ந்தனர். இன்று அயல்நாட்டுத் தொழிலாளர்கள் பலரும் அங்கு உழைக்கின்றனர். சுற்றுப்பயணிகள் பச்சைச் சரிவைப் படம் பிடித்துக்கொண்டு மாலையில் திரும்பிவிடுவார்கள். தொழிலாளர்களுக்கோ அந்தச் சரிவுதான் வாழ்க்கை.

அத்தகைய தோட்டம் ஒன்றில் ஒரு தொழிலாளி திடீரென இறந்துவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். அவர் பல ஆண்டுகள் சொக்சோவில் சந்தா செலுத்தி வந்தவர். 1969ஆம் ஆண்டின் தொழிலாளர் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தின்படி, தகுதியுள்ள குடும்பத்தினருக்கு மாதந்தோறும் ஓய்வூதியம் கிடைக்க வழியுண்டு. ஊழியர் சேமநிதி வாரியத்தில் உள்ள சேமிப்பையும் குடும்பத்தினர் கேட்டுப் பெற வேண்டும். அவருடைய மனைவி மகளின் திறன்பேசியில் இவற்றைத் தேடுகிறார். இந்தத் தேவை அவருக்கு வாழ்நாளில் ஒரே ஒருமுறைதான் வரும். ஆனால், அடுத்த மாத அரிசியும் பிள்ளையின் பள்ளிச் செலவும் அதைப் பொறுத்தே இருக்கின்றன. வருகைக் கணக்கில் அவர் வெறும் ஒன்று. அந்த ஒன்றின் கனம் கணக்கில் தெரியாது.

எண்ணிக்கை மறைக்கும் உண்மை இன்னொன்றும் உண்டு. வந்தவர்களை மட்டுமே அது எண்ணும். வர முடியாதவர்களை எண்ணாது. மலை மடிப்புகளில் இணையம் தடுமாறும்போது பாதியில் கைவிட்டவர், எந்தப் பொத்தானை அழுத்துவது என்று தெரியாமல் பேருந்து ஏறி அலுவலகத்திற்கே சென்றவர், ‘பிறப்புப் பத்திரம்’ என்று தமிழில் தேடி விடை கிடைக்காமல் திரும்பியவர் ஆகியோர் அந்தப் பக்கத்தின் கணக்கில் சேருவதில்லை. பிறகு, “இந்தப் பக்கத்தை யாருமே பார்ப்பதில்லை; ஆகவே இது தேவையில்லை” என்று முடிவு செய்வது எப்படிப் பொருந்தும்? பூட்டிய கதவைக் காட்டி, உள்ளே யாரும் வரவில்லை என்று சொல்வதைப் போன்றதே அது.

மேலும், எண்ணிக்கை தன்னைத்தானே வளர்த்துக்கொள்ளும் இயல்புடையது. 2006ஆம் ஆண்டில் அமெரிக்கக் கொலம்பியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதனை ஒரு சோதனையின்வழிக் காட்டினர். பலரும் அறியாத 48 பாடல்களை 14,000க்கும் மேற்பட்டோர் இணையத்தில் கேட்டனர். ஒரு பகுதியினருக்குப் பாடல்கள் மட்டும் தரப்பட்டன. மற்றவர்களுக்கு, ஒவ்வொரு பாடலையும் முன்பு எத்தனை பேர் பதிவிறக்கம் செய்தார்கள் என்பதும் காட்டப்பட்டது. எண்ணிக்கையைப் பார்த்தவர்களிடையே, முன்னணியில் இருந்த பாடல்கள் மேலும் முன்னேறின. பின்தங்கியவை மேலும் பின்தங்கின. பாடல்களைப் பதிவிறக்க வரிசைப்படி அடுக்கியபோது இந்த ஏற்றத்தாழ்வு இன்னும் கூடியது. முகப்பில் உள்ள சேவையும் அப்படித்தான். அது கண்ணில் படுவதால் பலர் அழுத்துவர். பலர் அழுத்துவதால் அது முகப்பிலேயே நிலைத்துவிடும். உள்ளே தள்ளப்பட்டது மேலும் மேலும் உள்ளே போகும்.

கடைக்காரர் ஒருவர் அதிகம் விற்கும் பொருளை முன்வரிசையில் வைக்கலாம். விற்காத பொருளை எடுத்தே விடலாம். வேண்டியவர் வேறு கடைக்குச் செல்வார். அரசாங்கத்திற்கு அந்த உரிமை இல்லை. பிறப்பைப் பதிய இன்னொரு தேசியப் பதிவுத் துறை இல்லை. ஓய்வூதியம் கேட்க இன்னொரு சொக்சோவும் இல்லை. மாற்று வழி இல்லாத இடத்தில், கதவைத் தேடிக் கண்டுபிடிப்பது குடிமகனின் பொறுப்பு என்று விட்டுவிடக் கூடாது. கதவைக் காட்டுவதும் சேவையின் ஒரு பகுதியே.

அப்படியானால் என்ன செய்யலாம்? முதலாவதாக, முகப்பின் ஒரு பகுதியை மட்டும் எண்ணிக்கைக்கு ஒதுக்கலாம். மற்றொரு பகுதியில் பிறப்பு, கல்வி, வேலை, நோய், முதுமை, இறப்பு என வாழ்க்கைக் கட்டங்களின்படி சேவைகளை அடுக்கலாம். எண்ணிக்கை ஏறினாலும் இறங்கினாலும் இந்த வரிசை மாறக் கூடாது. மூன்றாவது பொத்தானை அழுத்த வேண்டும் என்று மனத்தில் பதித்துக்கொண்ட முதியவர், அடுத்த முறையும் அதே இடத்தில் அதனைக் காண வேண்டும். இரண்டாவதாக, ஒரு சேவை கிடைக்காமல் போனால் விளையும் இழப்பையும் எடை போட வேண்டும். பூங்கா திறக்கும் நேரம் தெரியாதவர் சற்றுக் காத்திருப்பார். ஓய்வூதியத்திற்கு விண்ணப்பிக்கத் தெரியாத குடும்பம் பசித்திருக்கும். மூன்றாவதாக, விடை கிடைக்காத தேடல்களையும் அலுவலக முகப்பிடங்களில் மக்கள் கேட்கும் கேள்விகளையும் தொகுக்க வேண்டும். நாட்டின் பல பகுதிகளில் இயங்கும் ‘நாடி’ மையங்களின் பணியாளர்கள் இதற்குப் பெரிதும் உதவ முடியும். நான்காவதாக, புதிய தளத்தை வெளியிடுமுன், தோட்டத்திலும் கம்பத்திலும் வாழும் சிலரிடம் அதனைக் கொடுத்துப் பார்க்க வேண்டும். அவர்கள் எங்கே தயங்குகிறார்கள் என்பதை ஒரு மணி நேரம் உடனிருந்து கவனித்தால், எந்தப் புள்ளிவிவரமும் சொல்லாத குறைகள் தெரியவரும்.

இவற்றையெல்லாம் செய்யச் செலவாகும் என்று சிலர் கூறலாம். உண்மைதான். ஆனால், சிலர் மட்டுமே வாழ்கிறார்கள் என்பதற்காக மலைத்தோட்டத்திற்குச் சாலையும் மின்சாரமும் வேண்டாம் என்று எவரும் வாதிடுவதில்லை. இணையத்தில் போடப்படும் வழியும் பொதுச் சாலையே.

அழுத பிள்ளைதான் பால் குடிக்கும் என்பது பழமொழி. வருகையாளர் எண்ணிக்கை என்பது அழும் பிள்ளையின் குரல். அதற்குச் செவிசாய்ப்பது கடமை. எனினும், நல்ல தாய் அழாத பிள்ளையின் முகத்தையும் பார்ப்பாள். தேயிலைச் சரிவில் வாழும் ஒருவர் வாழ்நாளில் ஒரே ஒருமுறை தட்டும் கதவும் உடனே திறக்குமாயின், அந்தத் தளமே மக்களுக்கான தளம்.