இருளும் இடியும் மர்மமாகா

மர்மப் படத்தின் தொடக்கக் காட்சி என்றாலே இடி, மின்னல், கறுப்புக் கையுறை, காதைப் பிளக்கும் இசை என்று கருதுவோர் உளர். பாமர மக்களுக்கு இவையே வேண்டும் எனக் காரணமும் கூறுவர். 1954இல் எஸ். பாலசந்தர் இயக்கிய 'அந்த நாள்' இவர்களுக்குத் தக்க விடை. ஜப்பானியர் சென்னையில் குண்டு வீசிய 1943 அக்டோபரில் நிகழும் கதை அது. துப்பாக்கி வெடிக்கிறது, வானொலிப் பொறியாளன் ராஜன் சாய்கிறான். சாகின்ற முகம் தெரிகிறது. சுட்டவர் எவரெனக் கேமரா காட்டவில்லை, அவ்வளவே. கதாநாயகன் சிவாஜி கணேசனையே எடுத்த எடுப்பில் கொன்றுவிடும் துணிவு வேறு! பாட்டில்லை, ஆட்டமில்லை, சண்டையில்லை.

முதல் வெளியீட்டில் அது வசூல் காணவில்லை என்பது மெய்யே. பட்டணத்தில் ஓடாதது தோட்டத்தில் எடுபடுமோ என்று ஏளனம் செய்வர். சுவா வட்டாரத் தோட்டங்களில் விடியுமுன் நெற்றி விளக்கோடு பால்வெட்டப் போனவர்களை இவர்கள் அறியார். வெளிச்சத்துக்கு அப்பால் ஒரு சுள்ளி முறியும். பின் ஓசையே இராது. வெட்டுக்கத்தி பாதி மரத்தில் நிற்கும். அந்த உழைப்பாளிக்கா மர்மம் விளங்காது? திரையில் இடி முழக்குவோர் ஒரு விடியற்காலை அந்த ரப்பர் நிரைகளில் தனியே நடந்து பார்க்கட்டும்.