சாண்டா ஆனாவுக்குப் போகும் அட்டை

ஒரு போக்கிமான் அட்டையின் அகலம் 63 மில்லிமீட்டர், உயரம் 88 மில்லிமீட்டர். எடை இரண்டு கிராமைத் தொடாது. அதைக் கலிஃபோர்னியாவின் சாண்டா ஆனா நகரத்துக்குப் பத்திரமாக அனுப்புவதற்காக, கையைக் கழுவித் துடைத்து, மின்விசிறியையும் அணைத்துவிட்டு வீவக வீட்டுச் சாப்பாட்டு மேசையில் உட்காருகிறவர்கள் சிங்கப்பூரில் இருக்கிறார்கள். வீட்டுப் பெரியவர்களுக்கு இது விளையாட்டுச் சாமான். பிள்ளைகளுக்கு இது முதலீடு. இரு தரப்பிலும் கொஞ்சம் நியாயம் உண்டு.

சாண்டா ஆனாவில் இருப்பது பிஎஸ்ஏ என்ற தரமதிப்பீட்டு நிறுவனம். 1991இல் அமெரிக்க விளையாட்டு வீரர் அட்டைகளை வைத்துத் தொடங்கியது. பெக்கெட், சிஜிசி போன்ற வேறு பெயர்களும் உண்டு. அட்டையைச் சோதித்து 1 முதல் 10 வரை ஓர் எண் கொடுத்து, கெட்டியான பிளாஸ்டிக் கூட்டுக்குள் மூடித் திருப்பி அனுப்புவார்கள். அந்தக் கூட்டுக்கு 'ஸ்லாப்' என்று பெயர். சிராங்கூன் சாலை நகைக்கடையில் 916 முத்திரையைத் தேடிப் பார்க்கிறவர்களுக்கு இந்த எண்ணின் மகிமையை விளக்க வேண்டியதில்லை. ஆனால் 916 தங்கம் வழியில் 914 ஆகிவிடாது. பத்து வாங்க வேண்டிய அட்டை, விமானம் இறங்குவதற்குள் எட்டாகிவிடலாம். கேரோசெல் இணையச் சந்தையில் ஒரே அட்டையின் பத்துக்கும் எட்டுக்கும் உள்ள விலை வித்தியாசத்தைப் பார்த்தால், ஏன் மின்விசிறியை அணைக்கிறார்கள் என்பது புரியும்.

பார்க்கப்படுபவை நான்கு: படம் நடுவில் அமைந்திருக்கிறதா, மூலைகள், ஓரங்கள், மேற்பரப்பு. படம் நடுவில் இல்லையென்றால் அது அச்சகத்தின் குறை, அனுப்புகிறவர் ஒன்றும் செய்வதற்கில்லை. மற்ற மூன்றும் பெரும்பாலும் அவர் கையில். கைபேசி விளக்கைச் சாய்த்துப் பிடித்து, பளபளக்கும் ஹோலோ அட்டையை அதன் கீழே மெல்லத் திருப்பினால், நேர்ப்பார்வையில் தெரியாத மயிரிழைக் கீறல்கள் எழுந்து வரும். பின்பக்க நீல ஓரத்தில் வெள்ளைப் புள்ளி ஒன்று தென்பட்டால், பாதிப் பேர் அங்கேயே அனுப்பும் எண்ணத்தைக் கைவிடுவார்கள்.

தேறிய அட்டையைக் கட்டுவதில்தான் கோளாறு ஆரம்பிக்கிறது, அதுவும் பாசத்தால். எவ்வளவு கெட்டியான உறையோ அவ்வளவு பாதுகாப்பு என்று நினைத்து, புதிதாக அனுப்புகிறவர்கள் காந்தப் பெட்டியிலும் விறைப்பான டாப்லோடரிலும் போட்டுச் சுற்றிலும் ஒட்டுநாடாவை ஒட்டிவிடுகிறார்கள். அந்தப் பக்கம் ஒருவர் நாள் முழுக்க இப்படிப்பட்ட பொட்டலங்களைப் பிரித்துக்கொண்டிருக்கிறார் என்பது மறந்துபோகிறது. டாப்லோடர் வளைந்து கொடுக்காது. அட்டையைத் தட்டித்தான் எடுக்க வேண்டும், தட்டும்போது மூலை அடிபடும். ஒட்டுநாடாவின் பசை இன்னும் மோசம். பிஎஸ்ஏ கேட்பது வேறு: முதலில் மெல்லிய ஸ்லீவ், அதன்மேல் 'கார்ட் சேவர்' என்ற பாதி விறைப்பான உறை. அதன் இரு ஓரத்தையும் இலேசாக அழுத்தினால் வாய் திறக்கும், அட்டை தானாக வழுக்கி வரும்.

பழகியவர்கள் ஸ்லீவின் மேல் விளிம்பில் சின்னதாக ஒரு காகிதத் துண்டை ஒட்டி வைப்பார்கள். பிரிப்பவர் அதைப் பிடித்து இழுத்தால் போதும். விண்ணப்பத்தில் எழுதிய அதே வரிசையில் உறைகளை அடுக்கி, மேலும் கீழும் சற்றே பெரிய அட்டைப்பலகை வைத்து ரப்பர் வளையம் மாட்டுவார்கள். அடுக்கு நழுவாத அளவுக்கு இறுக்கம் வேண்டும், வளையும் அளவுக்கு இறுக்கம் கூடாது. பெட்டியைக் காதருகே ஆட்டினால் சத்தம் வரக்கூடாது.

இதெல்லாம் உலகத்துக்குப் பொது. சிங்கப்பூரின் தனிப் பிரச்சினை காற்று. ஆண்டுச் சராசரி ஈரப்பதம் 80 விழுக்காட்டுக்கு மேல். விடியற்காலையில் 90ஐத் தாண்டும். ஹோலோ அட்டையில் காகிதமும் உலோகப் பளபளப்புள்ள மெல்லிய படலமும் ஒட்டியிருக்கின்றன. காகிதம் ஈரத்தைக் குடித்து விரிகிறது, படலம் விரிவதில்லை, அட்டை வளைகிறது. கேமராக்காரர்கள் லென்ஸில் பூஞ்சை பிடிக்காமலிருக்க வாங்கும் டிரை கேபினட்டில் இன்று சாரிஸார்டு, பிகாச்சு போன்ற போக்கிமான்கள் குடியிருப்பது இதனால்தான். அளவை 45, 50 விழுக்காட்டில் வைப்பது வழக்கம். ரொம்பவும் உலர்த்தினால் மறுபக்கம் வளையும். மழை கொட்டும் மாலையில் ஜன்னலைத் திறந்துவைத்துக் கட்டினால் அந்த ஈரமும் சேர்ந்து பயணம் போகும். குளிரூட்டிய அறையில், சிறிய சிலிக்கா பொட்டலத்துடன் கட்டுவது உத்தமம்.

அட்டையைத் தேற்றிவிடலாம் என்ற ஆசையில் ஓரத்தைச் சீவுவதும் மேற்பரப்பை ரசாயனம் போட்டுத் தேய்ப்பதும் வேறு கதை. பிஎஸ்ஏ முதன்முதலில் தரமிட்ட அட்டையே, புகையிலையோடு 1909 வாக்கில் வந்த ஹோனஸ் வாக்னரின் பேஸ்பால் அட்டை. ஐஸ் ஹாக்கி வீரர் வெய்ன் கிரெட்ஸ்கியும் கூட்டாளியும் 1991இல் 4,51,000 டாலருக்கு ஏலத்தில் எடுத்தது, எட்டு வாங்கியது. அதன் ஓரத்தைத் தானே வெட்டியதாக, முன்பு அதை வைத்திருந்த வியாபாரி பில் மாஸ்ட்ரோ 2013இல் நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டார். தரமதிப்பீட்டாளர்கள் இன்று ஓரத்தை அளந்து பார்ப்பதில் காட்டும் கெடுபிடிக்கு இது போன்ற அனுபவங்கள் போதாதா?

தபாலுக்கு வருவோம். பெட்டி அங்கே போய்ச் சேரும்வரை பொறுப்பு அனுப்புகிறவருடையது. சாதாரணப் பதிவுத் தபாலின் இழப்பீடு விலையுயர்ந்த அட்டைக்கு எந்த மூலைக்கும் காணாது. காப்புறுதியும் தடம் காணும் வசதியும் உள்ள விரைவுச் சேவையே பொருந்தும். 800 டாலர் வரையிலான பொட்டலங்களுக்கு இருந்த வரிவிலக்கை அமெரிக்கா 2025 ஆகஸ்ட் 29 முதல் எடுத்துவிட்டதால், சுங்கப் படிவத்தை முன்போல அலட்சியமாக நிரப்ப முடியாது. பலரது அட்டைகளைச் சேர்த்து அனுப்பும் இடைத்தரகர்கள் இங்கே உண்டு, செலவும் குறையும். அவர்களிடம் கொடுக்குமுன் ஒவ்வொரு அட்டையின் இரு பக்கத்தையும், மூலைகள் நன்றாகத் தெரியும்படி, படம் எடுத்துவைப்பது நட்புக்கே நல்லது.

திரும்பி வரும்போதும் கணக்கு உண்டு. தபாலிலோ விமானத்திலோ வரும் பொருளின் மதிப்பு 400 வெள்ளியைத் தாண்டினால் 9 விழுக்காடு பொருள் சேவை வரி. வரிக்குப் பயந்து மதிப்பைக் குறைத்து எழுதினால், பெட்டி தொலைந்தால் கிடைக்கும் இழப்பீடும் அந்தக் குறைந்த தொகைதான். தன் பொருளே திரும்பி வருகிறது என்று சுங்கத்துறையிடம் காட்ட வேண்டி வந்தால், அனுப்பிய அன்று எடுத்த படங்களும் தபால் ரசீதும் கைகொடுக்கும். அந்த ரசீதையும் டிரை கேபினட்டிலேயே வைத்துவிடலாம். வெப்பத்தாளில் அச்சான எழுத்து இந்த ஊரில் சீக்கிரம் மங்கிவிடும்.