ஊரும் சேர்ந்த காவல்

2004-ஆம் ஆண்டு டிசம்பர் 26-ஆம் தேதி காலை, கிளிஞ்சல்மேட்டிலும் அதைச் சூழ்ந்த காரைக்கால் மீனவக் கிராமங்களிலும் கடல் புகுந்து மனிதரையும் மனைகளையும் வாரிச் சென்றபோது, சுமத்ராவுக்கருகே பூமி அதிர்ந்து இரண்டு மணி நேரத்திற்கு மேல் கழிந்திருந்தது; அத்தனை அவகாசமிருந்தும், கரைக்கு வந்து ‘விலகுங்கள்’ என்று ஒரு சொல் சொல்லும் ஏற்பாடு தேசத்தில் இல்லை. அதே தேதியில், 2023-ஆம் ஆண்டின் இரவில், எண்ணூரில் கப்பலிலிருந்து கோரமண்டல் உரத் தொழிற்சாலைக்கு அம்மோனியா கொண்டுசெல்லும் கடலடிக் குழாய் கசிந்தபோது, பெரியகுப்பத்து ஜனங்களைத் துயிலெழுப்பியது காற்றில் வந்த நெடி. குழந்தைகளை வாரியெடுத்துக்கொண்டு, கண் எரிய, மூச்சுத் திணற, வீதியில் ஓடிய அந்தத் தாய்மாரை நினைக்குந்தோறும் என் நெஞ்சு ஆறுவதில்லை.

இத்தகைய ஆபத்துக்கு எதிரான காவல் ஆலைக்குள்ளேயே தொடங்க வேண்டும். தானியங்கி யந்திரங்களால் நடைபெறும் ஆலையில், அன்றாட உற்பத்தியை நடத்தும் அமைப்பு ஒன்று. அது தவறும் தருணத்தில் ஆலையை நிறுத்தி உயிரைக் காக்கும் அமைப்பு மற்றொன்று. இவ்விரண்டும் ஒன்றையொன்று சாராமல் இயங்க வேண்டும் என்பதும், அழுத்தத்தையோ வெப்பத்தையோ உணரும் கருவி, அதைக்கொண்டு தீர்மானிக்கும் கணினி, குழாயை அடைக்கும் வால்வு ஆகிய மூன்றும் ஒரே சங்கிலியாகக் காலந்தவறாது சோதிக்கப்பட வேண்டும் என்பதும் ஐ.இ.சி. 61511 என்னும் சர்வதேச நியமத்தின் சாரம். உற்பத்தி அமைப்பு பழுதுபட்டால் உற்பத்தி கெட்டு அன்றே தெரிந்துவிடும். காக்கும் அமைப்பு பழுதுபட்டாலோ, சோதித்தாலன்றி, ஆபத்து வரும் நாள்வரை ஒருவர் கண்ணிலும் படாது. 2005-ஆம் ஆண்டு டிசம்பர் 11-ஆம் தேதி இங்கிலாந்தின் பன்ஸ்ஃபீல்டு எண்ணெய்க் கிடங்கில், பெட்ரோல் தொட்டியின் மட்டமானி அசையாது நின்றுவிட, தொட்டி நிரம்பியதும் வரத்தை நிறுத்தவேண்டிய தனி விசையும், அதன் சோதனை நெம்புகோலை உரிய நிலையில் இருத்தும் ஒரு சிறு பூட்டு இல்லாத காரணத்தால், வேலை செய்யவில்லை. வழிந்த பெட்ரோலின் ஆவி வெடித்து 40 பேருக்கு மேல் காயமுற்றனர்.

ஹைதராபாத்தில் 2007-இல் ஏற்பட்ட ஆழிப்பேரலை எச்சரிக்கை மையமும் இவ்விதச் சங்கிலியே. கடலடிக் கருவி உணர்கிறது, மையம் தீர்மானிக்கிறது. ஆனால் வால்வின் ஸ்தானத்தில் இருப்பவன், செய்தி கேட்டு மேட்டுக்கு ஏறும் மனிதன். விஷவாயுவுக்கும் அப்படியே. வால்வு மூடிய பின்னும் வெளியேறிவிட்ட வாயு காற்றோடு ஊரை நாடித்தான் வரும். ஆலையைச் சுற்றி வாழ்வோருக்கு அபாயத்தின் தன்மையையும் செய்யவேண்டியதையும் நடத்துபவர் அறிவிக்க வேண்டும் என்று 1989-ஆம் ஆண்டின் அபாயகரமான ரசாயனங்கள் பற்றிய விதிகள் கூறுகின்றன. அது ஏட்டோடு நிற்கலாகாது. ரசாயனம் இறங்கும் ஒவ்வொரு கரையிலும், காவல் கருவிகள் கடைசியாகச் சோதிக்கப்பட்ட தேதியையும் அதன் முடிவையும் தமிழில் எழுதி, ஊர்ப் பஞ்சாயத்தாரிடம் ஆலையார் ஒப்புவிக்க வேண்டும். அபாயச் சங்கு ஊதிப் பார்க்கும் நாளை முன்கூட்டிக் குறித்து, காற்று எப்பக்கம் வீசினால் எப்பக்கம் விலகுவது என்பதைப் பெண்டிரும் பிள்ளைகளும் முதியோரும் நடந்து பார்க்கச் செய்ய வேண்டும். இந்த ஒத்திகைக்கு ஏற்ற காலம், ஏப்ரல் 15 முதல் 61 நாள் நீடிக்கும் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் யாவும் கரையில் நிற்கும், ஆண்களும் வீட்டில் இருப்பார்கள்.